ஊமை ஊசி

பாண்டிமீனாவுக்கு மூச்சு முட்டுவது நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. ஓடினால் நெஞ்சு ஏறி இறங்கும், வியர்வை கொட்டும். ஆனால் அந்தத் தவிப்பு, 'நில், இல்லாவிட்டால் செத்துவிடுவாய்' என்று உள்ளிருந்து அதட்டும் குரல், அது மட்டும் இல்லை. கலவரத் தடுப்புப் படையில் சேர்ந்த எல்லோருக்கும் போடுவதைப் போலத்தான் அவளுக்கும் கழுத்தின் இரண்டு பக்கமும் ஊசி போட்டிருந்தார்கள். காகிதத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருந்தது. படையில் எல்லோரும் ஊமை ஊசி என்றார்கள்.

ஊசி போட்டவர் முகாம் மருத்துவர் கிரேஸ் தங்கம். கேள்வி கேட்டால் எரிந்து விழாதவர்.

"இங்க, தாடைக்குக் கீழ, மூளைக்குப் போற ரத்தக்குழாய் ரெண்டாப் பிரியுது பாருங்க. அந்தக் கவட்டையில அரிசி மணி அளவுக்கு ஒரு சதைத்துணுக்கு இருக்கு. ஓடுற ரத்தத்தை ருசி பாத்துக்கிட்டே இருக்கறதுதான் அதோட வேலை. ஆக்சிஜன் கொறஞ்சா அதுல இருக்கற செல்லுங்க ரசாயனத்தைக் கக்கும். பக்கத்துல இருக்கற நரம்பு அதை வாங்கி மூளைக்குச் சொல்லும். மூச்சு விடு, எந்திரி, ஓடுன்னு."

"நம்ம புகை என்ன டாக்டர் பண்ணுது?"

"ரத்தத்துல ஆக்சிஜன் நெறைஞ்சு இருக்கறப்பவே அந்தச் செல்லுங்களை மொத்தமாக் கக்க வெச்சிரும். ஒடம்புக்கு ஒரு கொறையும் இருக்காது. ஆனா தண்ணிக்குள்ள தலையை அமுக்குன மாதிரி இருக்கும். எட்டு நிமிஷம்."

"ஊசி?"

"நரம்பு அந்த ரசாயனத்தை வாங்குற வாயை அடைச்சிரும். கழுத்து எவ்வளவு கத்துனாலும் மூளைக்குக் கேக்காது. ஒரு வருஷம் தாங்கும்."

பாண்டிமீனா கழுத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "அப்ப நெசமாவே காத்து இல்லாத எடத்துக்குப் போனா?"

மருத்துவர் பஞ்சைக் குப்பையில் போட்டார். "கழுத்தை நெரிச்சாத் தெரியும். கரியமில வாயு ஏறுனா மூளை தானாக் கண்டுபிடிச்சிக்கும். ஆனா ஆக்சிஜன் மட்டும் கொறைவா இருக்கற காத்துன்னா, உங்களுக்குச் சொல்றதுக்கு ஆள் இல்ல. அதுக்குத்தான் இடுப்புல மாட்டிக்க மீட்டர் குடுக்கறாங்க. மறக்காம மாட்டிக்கங்க."

செங்கரட்டுப் பழக்கிடங்கில் அன்றைக்கு வேலைநிறுத்தத்தின் பதினோராவது நாள். மலையடிவாரத்தில் வரிசையாக ஒன்பது அறைகள். ஆப்பிளும் பேரிக்காயும் எட்டு மாதம் வாடாமல் இருப்பதற்காக, அறையைப் பூட்டி ஆக்சிஜனை வெளியேற்றி நைட்ரஜனை நிரப்பி வைப்பார்கள். தொழிலாளர்கள் அவற்றைச் செத்த ரூம் என்பார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால், காற்று மாற்றி முடிப்பதற்குள் நாலாம் நம்பர் அறைக்குள் இரண்டு சுமைகாரர்களை மேலாளர் அனுப்பினார். மூச்சு இரைத்துத் திரும்பியும் வாசலை எட்டாமல், இருவரும் பெட்டிகளுக்கு நடுவில் மண்டியிட்டபடியே செத்துக் கிடந்தார்கள். அதற்குத்தான் வேலைநிறுத்தம்.

காலை பத்தரைக்கு இன்ஸ்பெக்டர் சோலைராஜா ஒலிபெருக்கியில் மூன்று முறை எச்சரித்தார். முந்நூறு பேரும் முற்றத்தை விட்டு நகரவில்லை. ஆறு புகைக்குண்டுகள் போய் விழுந்தன. வெள்ளைப் புகை இடுப்பளவுக்கு எழுந்தது. ஒரு நெடியும் இல்லை. கண்கூட எரியாது.

முதல் பத்து வினாடி எதுவும் நடக்கவில்லை. பிறகு எல்லோருடைய கையும் ஒரே நேரத்தில் கழுத்துக்குப் போனது.

பாண்டிமீனா இதற்கு முன்னால் நான்கு முறை பார்த்திருக்கிறாள். இருந்தாலும் பழகவில்லை. கத்தக்கூட மாட்டார்கள், கத்துவதற்கு மூச்சு வேண்டும் என்று நினைப்பார்கள். ஒரு கிழவர் சட்டையைக் கிழித்து, நெஞ்சைக் கிழித்து, நகக்கண்ணில் ரத்தத்தோடு விழுந்தார். கையை விடாத தன் மகளின் முகத்தில் முழங்கையால் இடித்துவிட்டு ஒருத்தி ஓடினாள். கீழே விழுந்தவர்களின் மேல் மற்றவர்கள் ஓடினார்கள். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. சுத்தமான மலைக்காற்றின் நடுவே முந்நூறு பேர் காற்றுக்காக ஒருவரை ஒருவர் கொன்றுகொண்டிருந்தார்கள். படை அதற்குள் இறங்கி, நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டு, லத்தியை வீசியது.

கிடங்கின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. சரக்கு ஏற்றும் மேடை நெஞ்சளவு உயரம். மேடைக்குக் கீழே ஒரு பெண் நாலுகாலில் குனிந்து இருமிக்கொண்டிருந்தாள். நீலச் சட்டை போட்ட நெட்டையான ஒருவன் வந்தான். அவள் முதுகில் காலை வைத்தான், இன்னொரு காலைத் தோளில் வைத்தான், எகிறி மேடைக்கு ஏறினான். அவள் முகம் சிமெண்டில் மோதியது. மேடையில் நின்றிருந்த பாண்டிமீனா அவன் இடது கையில் அடித்தாள். முழங்கைக்குக் கீழே கை மடங்கித் தொங்கியது. அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடினான்.

"அவன்தான் பிச்சைமணி, சங்கச் செயலாளர்!" என்று கத்தினார் சோலைராஜா. "விடாதீங்க!"

எட்டு நிமிடம் முடிந்தது. முற்றத்தில் கிடந்தவர்களின் விரலில் கிளிப் மாட்டி, ஆக்சிஜன் அளவைப் படம் எடுக்க ஒரு குழு இறங்கியது. அது விதி. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்றே எல்லாப் படத்திலும் வரும். நெஞ்சு நசுங்கிச் செத்துப்போன ஐந்து பேருக்கு மட்டும் கிளிப் மாட்டவில்லை.

கிடங்குக்குள் நுழைந்தவர்கள் நான்கு பேர். சோலைராஜா, பாண்டிமீனாவோடு ஒரே தொகுதியில் பயிற்சி எடுத்த வேல்மயில், அருள் என்ற கான்ஸ்டபிள், பாண்டிமீனா. உள்ளே நீண்ட நடைபாதை. கடைசியில் ஏழாம் நம்பர் அறைக் கதவில் சாய்ந்து பிச்சைமணி உட்கார்ந்திருந்தான். புகையின் வேகம் அவனுக்கு இறங்கியிருந்தது. முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"மத்தவனுங்க எங்கடா?"

"பின் கதவு வழியாப் போயிட்டாங்க சார்."

"இந்த ரூமுக்குள்ள யாரு?"

"யாரும் இல்ல சார். அதைத் தொறக்காதீங்க. ஸ்ட்ரைக்குக்கு முந்தின நாள் காத்து மாத்த ஆரம்பிச்சு பாதியில விட்டது. உள்ள போனா ஆளு நிக்காது."

சோலைராஜா சிரித்தார். "ரெண்டு பொணத்தை வெச்சு பதினொரு நாள் ஓட்டுனவன், இப்பக் கதவைக் காட்டிப் பூச்சாண்டி காட்டுறான்." பூட்ஸ் காலால் முறிந்த கையில் உதைத்தார். பிச்சைமணி சுருண்டான். "ஏம்மா பாண்டிமீனா, இவனைப் பிடிச்சுக்க. நீங்க ரெண்டு பேரும் வாங்க."

"சார், மீட்டரு..." என்றாள் பாண்டிமீனா.

அவர் இடுப்பிலிருந்த கருவியைத் தட்டிப் பார்த்தார். "இருபத்தொண்ணு. வெளிக்காத்து மாதிரியே இருக்கு."

கதவுச் சக்கரத்தைச் சுற்றி இழுத்தார்கள். குளிரும் ஆப்பிள் வாசனையும் வந்தன. கூரைவரை மரப்பெட்டிகள், நடுவில் ஆள் நடக்க ஒரு சந்து. மூவரும் உள்ளே போனார்கள். கதவு அருகே ஓரமாகக் கிடந்த பிச்சைமணிக்கு உடனே மூச்சு இரைத்தது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாண்டிமீனாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் தன் மீட்டரைப் பார்த்தாள். அதுவும் இருபத்தொன்றுதான். கதவுக்குள் நீட்டினாள். இருபத்தொன்று. வெளியே எடுத்தாள். இருபத்தொன்று. கருவியின் முகப்பில், புகை படிந்து வெள்ளையாக ஒரு பிசின் காய்ந்திருந்தது.

"சார்! மீட்டர் வேலை செய்யல! வெளிய வாங்க!"

உள்ளிருந்து வேல்மயிலின் சிரிப்புச் சத்தம் வந்தது. "பாண்டி, இங்க வந்து பாரேன். எவ்வளவு ஆப்பிளு..." சொற்கள் குடிகாரனுடையவை போல இழுபட்டன. அருள் ஒரு பெட்டியில் சாவகாசமாகச் சாய்ந்து, வழுக்கிக் கீழே உட்கார்ந்தான். அவன் முகத்தில் கஷ்டத்தின் சாயலே இல்லை. உதடு மட்டும் நாவல்பழ நிறத்தில் இருந்தது. சோலைராஜா டார்ச்சை அணைக்கத் தெரியாமல் அதன் கண்ணாடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

பாண்டிமீனா உள்ளே அடியெடுத்து வைத்தாள். பிச்சைமணி அவள் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான்.

"நீயும் ஊசி போட்டவதானே? உனக்கு எப்ப வெளிய வரணும்னு தெரியுமா?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும்." அவன் எழுந்து நின்றான். "நான் உன் பக்கத்துலயே வர்றேன். நான் இழுத்தா, என்ன பிடிச்சிருந்தாலும் அதைப் போட்டுட்டு வந்துரணும்."

"எதுக்கு? உன் கையை முறிச்சவ நான்."

பிச்சைமணி முறிந்த கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான். "என் பொண்டாட்டி முதுகுல ஏறி மிதிச்சிட்டு ஓடியாந்தேன்" என்றான். "பாத்தேல்ல? அவ பேரு அழகுராணி. நான் வேணும்னு செய்யல. கால் தானா ஏறுச்சு." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "வா. நின்னா ஆவாது."

இருவரும் உள்ளே போனார்கள். அவன் வலது கை அவள் பெல்ட்டில் இருந்தது. ஒவ்வோர் அடிக்கும் அவன் மூச்சு வேகமாவதை அவள் காதருகில் கேட்டாள். வேல்மயிலை அக்குளில் பிடித்து இழுத்தாள். பாதி வழியில் பிச்சைமணியின் மூச்சு நாயைப் போல இரைத்தது. பெல்ட் இழுபட்டது. "இன்னும் நாலடிதான்" என்றாள். அவளுக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, சொல்லப்போனால் சந்தோஷமாகவே இருந்தது. அவன் அவள் காதில் ஓங்கி அறைந்தான். அந்த வலியில் அவள் கால்கள் நகர்ந்தன. மூன்று பேரும் நடைபாதையில் வந்து விழுந்தார்கள்.

பின் கதவு வழியாக வந்த காற்றை நூறு எண்ணும்வரை குடித்தார்கள். வேல்மயில் வாயில் நுரை தள்ளியபடி மூச்சு விட்டான். மறுபடி போய் அருளைக் கொண்டுவந்தார்கள். இந்த முறை பிச்சைமணி இழுத்ததும் அவள் எதிர்த்துப் பேசவில்லை. அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். அது தன் மூச்சு என்றே நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது முறை போனபோது சோலைராஜா சந்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். சுவரைப் பிடித்தபடி அசைந்தார். கண்கள் எங்கோ இருந்தன.

"யார்றா எம் பசங்களை இழுத்துட்டுப் போறது?"

"சார், நான் பாண்டிமீனா. காத்து இல்ல சார். வாங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல. நான் நல்லா இருக்கேன்." அவர் முகம் கோபத்தில் கோணியது. "நல்லாத்தான் இருக்கேன்! நீ யாரு கூடச் சேந்துக்கிட்டு..." துப்பாக்கியை எடுத்தார். அதை நேராகப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்பட்டது. முதல் குண்டு பெட்டியில் பட்டு ஆப்பிள்கள் கொட்டின. இரண்டாவது குண்டு பிச்சைமணியின் வயிற்றில் பட்டது.

பெல்ட்டில் இருந்த கை விடுபட்டது.

பாண்டிமீனா பாய்ந்து துப்பாக்கியைத் தட்டிவிட்டாள். சோலைராஜா அவள் தொண்டையைப் பிடித்தார். லத்தியின் முனையால் அவர் முகத்தில் குத்தினாள், பல் உடையும்வரை குத்தினாள். அவர் சரிந்தார். சோலைராஜாவும் பிச்சைமணியும் தரையில் கிடந்தார்கள். ஒருவரைத்தான் இழுக்க முடியும் என்பது அவளுக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் மிச்சம் இருக்கிறது என்பது தெரியவில்லை. காதருகில் மூச்சுச் சத்தம் இல்லை. கைவிரல்கள் மரத்துப்போயிருந்தன, பார்வை ஓரங்களில் கறுத்துக்கொண்டு வந்தது. மனம் மட்டும் இதமாக, அவசரமே இல்லாமல் இருந்தது. அந்த இதத்தை நம்பக் கூடாது என்று தன்னைத் தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு, நீலச் சட்டையின் காலரைப் பிடித்து இழுத்தாள்.

சோலைராஜாவின் உடலை மற்றவர்கள் அரை மணி நேரம் கழித்து எடுத்தார்கள்.

வேல்மயில் பிழைத்தான். பேச்சு வரவில்லை, ஸ்பூனைப் பிடிக்கத் தெரியவில்லை. அருள் ஒரு வாரத்தில் வீட்டுக்குப் போனான். பிச்சைமணி மூன்றாம் நாள் காலையில் அரசு மருத்துவமனையில் இறந்தான்.

அதே மருத்துவமனையில் பெண்கள் வார்டில் அழகுராணி விலா எலும்பு நான்கு உடைந்து படுத்திருந்தாள். கட்டிலோடு கைவிலங்கு போட்டிருந்தார்கள். பாண்டிமீனா சீருடை இல்லாமல் போய் நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கையை முறித்ததையும் சொன்னாள்.

அழகுராணி கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "முதுகுல மிதிச்சது அவருன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "ரெண்டு நாளைக்கு முன்னாடி நான்தான் அந்தச் செருப்புக்கு வார் தைச்சுக் குடுத்தேன். அவரு வந்து சொல்லட்டும், 'போய்யா, பரவால்ல'ன்னு சொல்லலாம்னு காத்துக் கெடந்தேன்." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "நீ போ."

தொழிலாளர்கள் இன்ஸ்பெக்டரை அறைக்குள் தள்ளிப் பூட்டிக் கொன்றார்கள் என்று வழக்குப் பதிவானது. விசாரணைக்கு வந்த அதிகாரியின் பெயர் நெடுமாறவர்மன். கண்ணாடி போட்ட, தாழ்ந்த குரலில் பேசுகிற மனிதர். வேலை போனாலும் போகட்டும் என்று பாண்டிமீனா அவரிடம் உண்மையைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவளுக்குத் தண்ணீர் வரவழைத்துக் கொடுத்தார்.

"அவர் மூச்சைக் கேட்டுத்தான் நீங்க வெளிய வந்தீங்களா?"

"ஆமா சார். அவரு இல்லன்னா நாங்க மூணு பேரும் செத்திருப்போம்."

"உள்ள போனதுலேர்ந்து அவருக்கு மூச்சிரைக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

"உடனே சார். ரெண்டு மூணு மூச்சுக்குள்ள."

"இழுக்கணும்னு அவருக்குத் தோண?"

"ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலா இருக்கும் சார்."

அவர் இரண்டையும் எழுதிக்கொண்டார். ஒருத்தராவது நம்புகிறாரே என்று பாண்டிமீனாவுக்கு அழுகை வந்தது.

கொலை வழக்கு நீக்கப்படவில்லை. ஆனால் இரண்டரை மாதம் கழித்து ஓர் உத்தரவு வந்தது. காலை அணிவகுப்பில் புதிய இன்ஸ்பெக்டர் அதைப் படித்தார். புகையில் கருவிகள் பழுதாகின்றன. மனித மூச்சு பழுதாவதில்லை. ஆகவே இனிமேல், புகை அடங்கிய பின் கட்டடங்களைச் சோதனையிடும் ஒவ்வொரு குழுவும் ஊசி போடாத ஒருவரை இடுப்புக் கயிற்றோடு முன்னால் நடத்திச் செல்ல வேண்டும். அவருக்கு மூச்சு இரைத்தால் குழு திரும்ப வேண்டும். விசாரணைக் கைதிகளை இதற்குப் பயன்படுத்தலாம். உத்தரவில் அவர்களுக்கு 'மூச்சாள்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கீழே, செங்கரட்டுச் சம்பவத்தில் உயிர் தப்பிய பெண் காவலரின் சாட்சியத்தின் அடிப்படையில், என்று இருந்தது.

பாண்டிமீனாவின் காதில் அதற்குப் பிறகு எதுவும் விழவில்லை.

இரண்டு வாரம் கழித்து நெசவாலை ஒன்றில் கலவரம். நண்பகலில் புகை அடங்கியது. நைட்ரஜன் அடித்துத் தீயை அணைத்திருந்த பஞ்சுக் கிடங்கைச் சோதிக்க வேண்டும். சிறை வண்டியிலிருந்து நான்கு கைதிகளை இறக்கினார்கள். பாண்டிமீனாவின் குழுவுக்கு வந்தவள் அழகுராணி. விலா சேர்ந்திருந்தது. மெலிந்திருந்தாள். இடுப்பில் தோல்வாரும், வாரிலிருந்து மூன்று முழக் கயிறும் இருந்தன. கயிற்றின் நுனியை ஒரு காவலர் பாண்டிமீனாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பின்னால் ஆறு பேர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அழகுராணி திரும்பாமல், உதடு அசையாமல் கேட்டாள்.

"எம் புருசன் செஞ்சதை விசாரணையில நீதான் போய்ச் சொன்னியா?"

"நல்லதுக்குன்னு நெனச்சுத்தான் சொன்னேன்."

"ம்." கிடங்கின் கறுத்த வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "உள்ள எனக்கு மூச்சிரைச்சாத்தான் ஒங்களுக்குத் தெரியும். அப்படித்தானே?"

"ஆமா."

"ஜெயில்ல தெனமும் பழகுறேன். வாயை மூடிக்கிட்டு, நெஞ்சு ஏறாம, கை நடுங்காம. அஞ்சு நிமிஷம் முடியுது." அப்போதுதான் அவள் பாண்டிமீனாவின் முகத்தைப் பார்த்தாள். "நீ வேணும்னா கயித்தை வேற யாருகிட்டயாச்சும் குடுத்துட்டு வெளிய நின்னுக்க. உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

இன்ஸ்பெக்டர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "ஏம்மா, என்ன பேச்சு? மூச்சாள் சரியா இருக்கா?"

ஆறு பேரும் அவள் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அன்றைக்குச் செங்கரட்டு முற்றத்தில் இருந்தவர்கள். ஒருவன் போன வாரம்தான் படையில் சேர்ந்தவன். கழுத்தில் ஊசித் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. பாண்டிமீனா அவனைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த கயிற்றைப் பார்த்தாள்.

"சரியா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு, கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அழகுராணியின் பின்னால் நடந்தாள்.